நேரத்தைச் சேமித்த சிறுவன்

1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், வட அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெஞ்சமின் பிராங்ளின் பிறந்தார். அந்நகரம் அப்போது பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவருடைய தந்தை ஜோசையா சவர்க்காரமும் மெழுகுவர்த்தியும் செய்து விற்று வந்தார். தந்தையின் 17 பிள்ளைகளில் பெஞ்சமின் 15ஆவது பிள்ளை. குடும்பம் பெரியது, வருமானமோ சிறியது.

8 வயதில் பள்ளியில் சேர்ந்த பெஞ்சமின், ஓராண்டு முடிவதற்குள் வகுப்பில் முதல் நிலைக்கு உயர்ந்தான். ஆயினும், மகனைக் கல்லூரி வரை படிக்கவைக்கும் வசதி தந்தைக்கு இல்லை. அதனால், எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் வேறொரு பள்ளிக்கு அவனை மாற்றினார். அங்கே அவனது கையெழுத்துத் திருந்தியது. கணக்கில் மட்டும் அவன் தேறவில்லை. 10 வயதில் அவனது பள்ளிப் படிப்பு முற்றிலும் நின்றுபோனது. திரி வெட்டுவது, மெழுகுவர்த்தி அச்சுகளை நிரப்புவது, கடையைப் பார்த்துக்கொள்வது என அவனுடைய நாள்கள் கழிந்தன.

அந்தத் தொழில் பெஞ்சமினுக்குப் பிடிக்கவில்லை. கப்பலேறிக் கடலுக்குச் செல்ல வேண்டும் என்பதே அவனது ஆசை. மகன் வீட்டைவிட்டு ஓடிவிடுவானோ என்று தந்தை அஞ்சினார். தச்சர், கொத்தனார் முதலியோர் வேலை செய்யும் இடங்களுக்கு அவனை அழைத்துச் சென்று காட்டினார். எந்தத் தொழிலில் அவன் மனம் ஈடுபடுகிறது என்பதை அறிவதே அவரது நோக்கம். இறுதியில், புத்தகங்களின்மீது அவனுக்கிருந்த ஆர்வத்தை எண்ணி அச்சுத் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். 12ஆம் வயதில் பெஞ்சமின் தன் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்தான். 21 வயதுவரை அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தமும் எழுதப்பட்டது.

இனி அவனது பகற்பொழுது முழுவதும் அண்ணனுக்கே உரியது. படிக்க வேண்டுமென்றால், மிஞ்சிய நேரத்தில்தான் படிக்க வேண்டும். புத்தகக் கடைகளில் வேலை செய்த சிறுவர்களோடு அவன் நட்புக் கொண்டான். அவர்களிடம் மாலையில் புத்தகத்தை இரவல் வாங்குவான். மறுநாள் அதிகாலையில் அழுக்குப்படாமல் திருப்பிக் கொடுத்துவிடுவான். சில நாள்களில் இரவின் பெரும்பகுதி படிப்பிலேயே கழிந்துவிடும்.

ஒரு முறை பெஞ்சமின் தன் நண்பனுக்கு எழுதிய கடிதங்கள் தந்தையின் கண்ணில் பட்டன. எழுத்துப் பிழை இல்லை. ஆனால், நடையில் தெளிவும் அழகும் போதவில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். பெஞ்சமின் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் தொகுப்பு ஒன்று அவனுக்குக் கிடைத்தது. அதிலுள்ள கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கமாகக் குறித்துக்கொள்வான். சில நாள்கள் கழித்து, நூலைப் பார்க்காமல் அதே கட்டுரையைத் தன் சொற்களில் எழுதுவான். பிறகு, இரண்டையும் ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்துவான். இப்பயிற்சிக்கு எந்த ஆசிரியரும் இல்லை. வேலை தொடங்குவதற்கு முந்திய காலை நேரம், வேலை முடிந்த இரவு நேரம், ஞாயிற்றுக்கிழமை ஆகியவையே அவனது பள்ளி நேரங்களாயின.

16 வயதில் அவன் மேலும் ஒரு வழியைக் கண்டான். இறைச்சி உண்பதை நிறுத்திவிட்டு, தன் உணவுக்காகச் செலவாகும் பணத்தில் பாதியை மட்டும் தன்னிடமே தந்துவிடுமாறு அண்ணனிடம் கேட்டான். அண்ணனும் உடனே இணங்கினார். கிடைத்த பணத்திலும் பாதியை மிச்சப்படுத்திப் புத்தகங்கள் வாங்கினான். மற்றவர்கள் உணவுக்காக வெளியே சென்றபோது, அவன் அச்சகத்திலேயே இருந்தான். ஒரு துண்டு ரொட்டி, கைப்பிடி உலர்ந்த திராட்சை, ஒரு குவளை தண்ணீர். அவ்வளவுதான் அவனது உணவு. அவர்கள் திரும்பி வரும்வரை கிடைத்த நேரம் முழுவதும் படிப்புக்கு உரியது. பள்ளியில் தேறாத கணக்குப் பாடத்தை அவன் தானே கற்றுத் தேர்ந்தது அந்நாள்களில்தான்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. ஜேம்ஸ் அப்போது ஒரு செய்தித்தாளை நடத்தி வந்தார். தம்பி எழுதியது என்று தெரிந்தால் அண்ணன் வெளியிட மாட்டார் என்று பெஞ்சமினுக்குத் தோன்றியது. 1722ஆம் ஆண்டு, கையெழுத்தை மாற்றி, புனைபெயரில் கட்டுரை எழுதி, இரவில் அச்சகத்தின் கதவிடுக்கில் செருகி வைத்தான். அதைப் படித்த ஜேம்ஸின் நண்பர்கள் பாராட்டினார்கள். பாராட்டுப் பெற்றவன் அதே அறையில் வேலை செய்துகொண்டிருந்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவ்வரிசையில் 14 கட்டுரைகள் வெளிவந்தன.

பின்னர் சகோதரர்களுக்கிடையே பிணக்கு முற்றியது. 1723ஆம் ஆண்டு, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே பெஞ்சமின் பாஸ்டனை விட்டு வெளியேறினான். அவ்வாறு ஒப்பந்தத்தை மீறியது நியாயமன்று என்று பிற்காலத்தில் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளார். பிலடெல்பியா நகரில் அச்சுத் தொழிலைத் தொடர்ந்த பிராங்ளின், சில ஆண்டுகளில் சொந்த அச்சகத்தின் உரிமையாளரானார். அண்டை வீட்டார் எழும் முன்பே அவர் வேலையைத் தொடங்கிவிடுவதை ஊரார் கவனித்தனர். அதனால், வணிகர்களிடையே அவர்மீது நம்பிக்கை வளர்ந்தது.

தம்மைக் கண்காணிக்க முதலாளி எவரும் இல்லாதபோது, பிராங்ளின் தம்மைத் தாமே கண்காணிக்கத் தொடங்கினார். அளவான உணவு, சிக்கனம், உழைப்பு, ஒழுங்கு முதலிய 13 நற்பண்புகளைத் தேர்ந்தெடுத்து ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதினார். வாரத்தின் ஏழு நாள்களுக்கும் கட்டங்கள் வரைந்தார். ஒவ்வோர் இரவும், தவறிய பண்புக்கு நேராகக் கரும்புள்ளி இட்டார். வாரத்திற்கு ஒரு பண்பில் தனிக் கவனம் செலுத்தினார். 13 வாரங்களில் ஒரு சுற்று முடியும். ஓர் ஆண்டில் நான்கு சுற்றுகள் முடியும்.

ஒழுங்கு என்னும் பண்புக்காக, நாளின் 24 மணி நேரத்தையும் அவர் பிரித்து எழுதினார். காலை 5 மணிக்கு எழுந்து, அன்றைய வேலைகளைத் திட்டமிட்டுப் படிக்க வேண்டும். 8 மணி முதல் நண்பகல் வரை வேலை. பிறகு இரண்டு மணி நேரம் உணவுக்கும் வாசிப்புக்கும் கணக்கு பார்ப்பதற்கும் உரியது. மீண்டும் மாலை 6 மணி வரை வேலை. அதன்பின் பொருள்களை அவற்றின் இடத்தில் வைத்தல், இரவு உணவு, இசை, உரையாடல். அன்று என்ன நன்மை செய்யப் போகிறோம் என்று காலையிலும், என்ன நன்மை செய்தோம் என்று இரவிலும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இரவு 10 மணிக்கு உறக்கம். உழைப்புக்கு 8 மணி நேரம் ஒதுக்கியவர், உறக்கத்திற்கும் 7 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்.

ஆனால், 13 பண்புகளுள் ஒழுங்கே அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது. வாடிக்கையாளர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில் வந்தனர், திட்டம் குலைந்தது. தாள்களையும் பொருள்களையும் அவற்றிற்குரிய இடத்தில் வைக்கும் பழக்கமும் எளிதில் வரவில்லை. தாம் நினைத்ததைவிடத் தம்மிடம் குறைகள் அதிகம் என்பதைக் குறிப்பேடு அவருக்குக் காட்டியது. புள்ளிகளை அழித்து அழித்து அதன் தாள்களில் துளைகள் விழுந்தன. சில சமயம் முயற்சியைக் கைவிட்டுவிடலாமா என்றுகூட எண்ணினார். எனினும், புள்ளிகள் மெல்லக் குறைந்து வருவதைக் கண்டு தொடர்ந்தார்.

முதுமையில் அம்முயற்சியை நினைத்துப் பார்த்தபோது, தாம் விரும்பிய முழுமையை அடையவில்லை என்பதைப் பிராங்ளின் மறைக்கவில்லை. அழகாக அச்சிட்ட எழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகுபவரின் கையெழுத்து, அந்த அச்செழுத்தைப் போலவே ஆகிவிடாது. ஆயினும், முன்னைவிடத் திருந்தும். தம் முயற்சியும் அத்தகையதே என்று அவர் கருதினார்.

1731ஆம் ஆண்டு, உறுப்பினர்கள் சந்தா செலுத்திப் பயன்படுத்தும் நூலகம் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். இரவல் புத்தகங்களால் வளர்ந்தவர் அல்லவா! 42 வயதில் அச்சகப் பொறுப்பிலிருந்து விலகி, மின்சார ஆராய்ச்சியில் ஈடுபட்டார். இடிதாங்கியை உலகிற்குத் தந்தார். 1776இல் அமெரிக்க விடுதலை அறிக்கையிலும், 1787இல் அந்நாட்டின் அரசியலமைப்பிலும் கையெழுத்திட்டார். 1790ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், தமது 84ஆம் வயதில் மறைந்தார்.

பள்ளியில் அவர் படித்தது இரண்டே ஆண்டுகள். மற்றவர்கள் உணவருந்தச் சென்ற இடைவேளையில் தொடங்கிய அவரது படிப்பு, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.