நான்சன் கட்டிய மூட்டை

திரும்ப வழி இருந்தால் மனிதன் திரும்பத்தான் பார்ப்பான். நார்வே தேசத்து நான்சனுக்கு இது தெரியும். பனி மூடிய கிரீன்லாந்துத் தீவைக் கடக்க, 1888-ல், குடியேற்றமே இல்லாத கிழக்குக் கரையிலிருந்து நடக்கத் தொடங்கினார். அடுப்பும் கூரையும் மேற்குக் கரையில்தான்! அப்போது அவருக்கு வயது 26.

உடன் 5 பேர். நாய்கள் கிடையாது, சறுக்கு வண்டிகளை அவர்களேதான் இழுக்கவேண்டும். ஆகவே எடையில் கறாராக இருந்தார் நான்சன். வண்டி ஒன்று சுமார் 28 பவுண்டுதான். உடுப்பெல்லாம் கம்பளி. படுக்க, பனிமான் தோலில் இரண்டே பைகள். ஒரு பைக்குள் மூவர் ஒண்டிக்கொண்டால் ஒருவர் சூடு மற்றவருக்கு. எரிசாராய அடுப்பில் உணவு வேகும்போதே மேல் பாத்திரத்தில் பனியும் உருகும். அப்படியும் தாகம் தீராமல், தட்டைக் குப்பிகளில் பனியை அடைத்து மார்போடு அணைத்து உருக்கினார்கள்.

இவ்வளவு யோசித்தவர் ஓரிடத்தில் ஏமாந்தார். வாங்கிய உலர்ந்த இறைச்சியில் கொழுப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். குளிரில் உடம்புக்குக் கொழுப்புதானே விறகு? உண்டும் பசி அடங்கவில்லை. பூட்ஸுக்குத் தடவும் எண்ணெயைக் குடித்தால் கெடுதலா என்று கேட்டார் தோழர் ஸ்வெர்ட்ரூப்!

ஏறிய உயரம் 9,000 அடியை நெருங்கியது. இரவில் பூஜ்யத்துக்கும் 40 டிகிரி கீழே குளிர். செப்டம்பர் கடைசியில் மேற்குக் கரை தென்பட்டது. கூடாரத் துணியையும் மரக் கிளைகளையும் கொண்டு படகு கட்டி, அக்டோபர் 3-ந் தேதி இருவர் காட்ஹாப் ஊரை அடைந்தனர். பிறகு மற்ற நால்வரும் வந்து சேர்ந்தனர்.

அகதிகளுக்காக உழைத்து 1922-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவரும் இதே நான்சன்தான். 1930-ல் காலமானார். தென் துருவம் சென்ற ஸ்காட்டின் குழுவினர் சமைத்ததும் நான்சன் அடுப்பில்தான்.