யார் இந்த எல்லாப்பிரகட சுப்பாராவ்? யானைக்கால் மருந்து நாயின் இதயத்தைக் காத்த கதை

கொசு கடிச்சா நமக்கு டெங்கு, மலேரியா. நாய்க்கும் பூனைக்கும் இதயப்புழு. கொசு வழியாக உள்ளே போகும் குட்டிப் புழு, ஆறேழு மாதத்தில் நீள நூல் மாதிரி வளர்ந்து இதயத்தையும் நுரையீரல் ரத்தக் குழாய்களையும் பிடித்துக்கொள்ளும். இதைத் தடுக்கப் பல வருஷம் கைகொடுத்த மருந்துக்குப் பின்னால் இருந்தவர், மெட்ராஸில் படித்த டாக்டர் சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பாஸ். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் அவர் கதர் உடுத்தியது ஆங்கிலேய அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்பிபிஎஸ் கைநழுவியது, அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் பட்டம்தான் கிடைத்தது. 1923-ல் அமெரிக்கா, ஹார்வர்டு. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனம்.

அங்கே அவரது குழு யானைக்கால் நோய்க்கு மருந்து தேடியது. யானைக்கால் புழுவும் இதயப்புழுவும் ஒரே ஃபைலேரியா வகை. அதனால் எலிகளோடு, இதயப்புழு இருந்த நாய்களிலும் சோதித்தார்கள். 1947-ல் டைஎதில்கார்பமசைன் வெளியானது. மறு வருஷமே, 53 வயதில் சுப்பாராவ் இறந்துபோனார். அது நாய்களுக்கான தடுப்பு மருந்தாக மாறியதை அவர் பார்க்கவேயில்லை.

ஆனால் அதை தினமும் கொடுக்கணும். ரத்தத்தில் ஏற்கெனவே குட்டிப் புழுக்கள் இருந்தால், மருந்தே நாயின் உயிருக்கு ஆபத்தாகலாம். 1987-ல் அமெரிக்காவில் மாதம் ஒரு மாத்திரையாக ஐவர்மெக்டின் வந்ததும் பழையது மெல்ல ஓரங்கட்டப்பட்டது. முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு தடுப்பு மருந்து என்ற முறை மட்டும் மாறவில்லை. பூனைக்கு? வளர்ந்த புழுவைக் கொல்லப் பாதுகாப்பான மருந்து இன்னும் கிடையாது. கால்நடை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே தடுப்பதுதான் வழி.