உழவர் பேச்சைப் பாட்டாக்கிய பட்டுக்கோட்டையார்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கவிஞரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு அன்பர்கள் பணித்தனர். சங்கப் புலவர் ஒருவரைப் பற்றி எழுதவே முதலில் எண்ணினேன். எண்ணத்தை மாற்றியது ஒரு விடைத்தாள்.

மாரமங்கலத்திலிருந்து வந்து கல்லூரியில் பயின்ற மாணவி ஒருத்தி, தன் ஊர்த் தோட்ட வேலையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். மிளகை ‘மொளகு’ என்றும், விளைந்ததை ‘வெளஞ்சது’ என்றும் எழுதியிருந்தாள். வழக்கம்போல் அச்சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மதிப்பெண்ணையும் குறைத்தேன். அன்று மாலையே வானொலியில் ‘நாடோடி மன்னன்’ படப்பாடல் ஒன்று ஒலித்தது. விளைதல் என்னும் வினையை அந்த மாணவி எழுதிய பேச்சு வடிவிலேயே வைத்து எழுதப்பெற்ற பாட்டு அது. அதனை எழுதியவரைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்கில் புகழ்ந்து பேசியவளும் நானே. என் கை சற்றுக் கூசியது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அருணாசலனார், தாய் விசாலாட்சி. எளிய உழவர் குடும்பமாயினும் வீட்டில் பாட்டு இருந்தது. ‘முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி’ என்னும் நூலை இயற்றியவர் அருணாசலனார். கும்மி என்பது ஏட்டில் கிடக்கும் பாட்டன்று; கால் பெயர, கை கொட்ட, பலர் கூடிப் பாடுவது. மகனின் யாப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுவோர் முதலில் இக்கும்மியைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பள்ளிப் படிப்பு அவருக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. அண்ணன் கணபதிசுந்தரத்திடம் அடிப்படைக் கல்வி பெற்றார். பிறகு அவருக்குக் கல்விச்சாலையாக அமைந்தவை தொழில்களே. பதினேழு தொழில்கள் செய்தவர் என்று அவரைப் பற்றி எழுதுவோர் கூறுவர். எண்ணிக்கையில் எனக்கு அத்துணை அக்கறை இல்லை. உழவு, மாடு மேய்த்தல், மாட்டு வணிகம், மாம்பழ விற்பனை, உப்பள வேலை, மீன் பிடித்தல், நாடக நடிப்பு எனச் சிலவற்றை நினைத்தாலே போதும். ஒவ்வொரு தொழிலும் தனக்கென ஒரு சொற்குவியல் உடையது. உழவனுக்கு மண்ணின் பதத்தைச் சொல்லச் சொற்கள் உண்டு. உப்பளத்தானுக்குப் பாத்தியையும் வெயிலையும் சொல்ல வேறு சொற்கள். கூலி வாங்கிய இடமெல்லாம் அவர் சொல்லும் வாங்கினார் எனலாம்.

அவர் இளைஞராய் இருந்த காலத்துத் தஞ்சை மண் கொந்தளித்துக் கொண்டிருந்தது. பண்ணையாள் முறையின் கொடுமைக்கு எதிராக உழவர் சங்கங்கள் எழுந்தன. பி. சீனிவாசராவ் போன்றோர் ஊர் ஊராகச் சென்று கூலியாட்களைத் திரட்டினர். பட்டுக்கோட்டை வட்டாரத்து வாட்டாக்குடி இரணியன் 1950-ஆம் ஆண்டு போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது கல்யாணசுந்தரத்துக்கு அகவை இருபது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொதுவுடைமை இயக்கத்தில் அவர் தோய்ந்தது புத்தகம் படித்து மட்டும் அன்று. தம் ஊர் வரப்பில் நடந்ததைக் கண்டே. ஜீவாவின்பால் அவருக்கு இருந்த பற்றும், ‘ஜனசக்தி’ இதழில் அவர் கவிதைகள் வெளிவந்ததும் அதன் தொடர்ச்சியே.

இதற்கிடையே சக்தி நாடக சபாவில் சேர்ந்து நடித்தார். புதுச்சேரி சென்று பாவேந்தர் பாரதிதாசனிடம் தங்கி, ‘குயில்’ இதழ்ப் பணியில் துணைநின்றார். ஆசானிடம் அவருக்கிருந்த மதிப்பு பெரிது. தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழிக்கு மாறாகப் பாரதிதாசனை வாழ்த்தி எழுதிய பின்னரே பாட்டைத் தொடங்குவார் என்பர். ஆயினும் ஆசானின் நடையை அவர் அப்படியே பின்பற்றவில்லை. பாவேந்தரின் தமிழ் பேரருவி. இவருடையது வாய்க்கால் நீர். வயலுக்குப் பாய்வது வாய்க்கால்தானே!

திரைத்துறையில் அவர் புகுந்தது 1955 அளவில். இங்கே நம் மலைக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் இறங்கிச் சேலம் நகருக்குள் நுழையும் சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் பழைய நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்நிறுவனம் 1956-இல் ‘பாசவலை’ என்னும் படத்தை வெளியிட்டது. புதிய கவிஞர் ஒருவர் பாட்டு எழுதி வந்திருக்கிறார் என்றபோது, இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் அதனைப் பார்க்கவும் விரும்பவில்லையாம். பிறகு படித்துப் பார்த்து, இத்தகைய ஒருவரையா தள்ளினோம் என்று வருந்தியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அந்தப் பாட்டு, தப்பி ஓடும் ஓர் ஆட்டுக்குட்டியில் தொடங்கி, எது எவருக்குச் சொந்தம் என்று அடுக்கிக்கொண்டே போய், மனிதனுக்கு இறுதியில் உரிய சில அடி நிலத்தில் வந்து நிற்கும். மாடு மேய்த்த நாள்களை அறியாத ஒருவருக்கு அந்தத் தொடக்கம் கிடைத்திராது.

1958-இல் வந்த ‘நாடோடி மன்னன்’ பாட்டைச் சற்று விரித்துரைக்க வேண்டும். உழைக்கும் ஆணும் பெண்ணும் உரையாடும் பாட்டு அது. தரிசைக் கொத்தி, ஏர் நடத்தி, ஏரிக்கரையை உயர்த்தி, வாய்க்கால் வெட்டி, நாற்றுப் பறித்து நட்டு, நீர் பாய்ச்சி என ஆண் பெருமிதத்துடன் கூறிவருகிறான். வேலைகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். நிலத்தில் இறங்கியவன் சொல்லும் வரிசை அது. பயிர் வரப்பை மறைத்து நிற்கும் காட்சியும் அதில் உண்டு. பெண்ணோ விளைச்சலைக் கண்டு மயங்கவில்லை. உழைத்த நமக்கு மிஞ்சியது என்ன என்று கேட்கிறாள். பொருளியல் அறிஞர் பல பக்கங்களில் எழுதுவதை அவள் தன் வீட்டுப் பேச்சில் கேட்டுவிடுகிறாள். அக்கேள்வியைச் செந்தமிழ் வடிவில் திருத்தி எழுதிப் பார்த்தேன். இலக்கணம் நின்றது, பெண் மறைந்துவிட்டாள்.

அவரை அறிவுரைக் கவிஞராக மட்டும் காட்டும் போக்கு பள்ளி விழாக்களில் மிகுந்துள்ளது. சிறுவர்க்கு அவர் கூறிய அறிவுரைப் பாட்டுகள் நல்லனவே. ஆனால் அறிவுரை கூற எவரும் வரலாம். அந்தப் பெண்ணின் கேள்வியை அவரைப்போல் பாட வெகு சிலரே உளர். திரைத்துறையின் அவசரத்தில் எழுதிய எளிய பாட்டுகளும் அவரிடம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே கை 1959-இல் ‘கல்யாணப் பரிசு’ படத்தின் காதற் பாட்டுகளையும் எழுதியது. வட்டாரப் பேச்சைத் தவிர வேறொன்றும் அறியாதவர் என்று அவரைக் குறைத்து மதிப்பிட்டவர்க்கு அப்படம் விடையாக அமைந்தது.

1957-இல் கௌரவாம்பாளை மணந்தார். 1959-இல் மகன் பிறந்தான். அவ்வாண்டு அக்டோபர் 8-ஆம் நாள், இருபத்தொன்பது வயதில் கவிஞர் மறைந்தார். ‘அரசிளங்குமரி’, ‘திருடாதே’ ஆகிய படங்கள் 1961-இல் வெளிவந்தபோது, எழுதியவர் இல்லாமலேயே அவர் பாட்டுகள் ஊர் ஊராகச் சென்றன. தம் முதலமைச்சர் நாற்காலியின் கால்களுள் ஒன்று பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்று எம்.ஜி.ஆர். கூறியதாகச் சொல்வர். புகழ்மொழிதான். அந்த நாற்காலிக்கும் கீழே, கேள்வி கேட்ட பெண் இன்னும் வயலில் நிற்கிறாள்.

விடைத்தாளை மறுநாள் அம்மாணவியிடம் கொடுத்து, குறைத்த மதிப்பெண்ணைச் சேர்த்தேன். வட்டத்தினர்க்கு ஒரு வேண்டுகோள்: மாரமங்கலம் பகுதியில் காப்பிப் பழம் எடுப்போர், மிளகு பறிப்போர், கவாத்துச் செய்வோர் பேசும் தொழிற்சொற்களை அடுத்த ஆண்டுக் கூட்டங்களில் நாம் தொகுக்கத் தொடங்கலாம். அவள் எழுதிய சொற்களை ஒரு தாளில் படியெடுத்து வைத்திருக்கிறேன்; முதற் கூட்டத்துக்குக் கொண்டு வருவேன்.