இரஞ்சித்சிங்ஜியும் அவர் கண்ட புது அடியும்

கோடை விடுமுறையில் விழுப்புரத்து இளைஞரும் திண்டிவனத்து இளைஞரும் கிரிக்கட்டுப் பந்தாட்டத்தில் எதிர்நின்று ஆடுதல் எம் பக்கத்து வழக்கம். சென்ற கோடையில் திண்டிவனத்தை அடுத்து, அறுவடை முடிந்த வயலொன்றில் நடந்த ஆட்டத்தில் யாம் விழுப்புரத்தார் சார்பில் மட்டை பிடித்தோம். வெற்றிக்கு ஐந்து ஓட்டங்களே வேண்டியிருந்தன. அவ்வேளையில், 2009-ஆம் ஆண்டு உலகக் கோப்பை ஆட்டங்களில் இலங்கை வீரர் தில்ஷான் ஆடிக் காட்டியவாறு, முழந்தாளை மண்ணில் ஊன்றிப் பந்தை விக்கட்டுக் காப்பாளரின் தலைக்கு மேலாக அள்ளிவிட முயன்றோம். மட்டை காற்றை அள்ளிற்று. பந்து கம்பத்தை வீழ்த்திற்று. இரயிலில் ஊர் திரும்புங்கால் தோழர் ஒருவரும் எம்மோடு பேசினாரில்லை. மரபு கடந்த அடிகளை ஆடத் தக்கார் யாவர் என்னும் வினா அன்று எம் உள்ளத்தே எழுந்தது. அவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தார் ஒருவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இரஞ்சித்சிங்ஜி கத்தியவார் நாட்டில், நவாநகர் அரச மரபின் கிளைக் குடும்பமொன்றில், 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் பிறந்தார். தக்க வாரிசின்றி இருந்த நவாநகர் மன்னர் விபாஜி 1878-இல் அவரைத் தம் வாரிசாகத் தேர்ந்தார். பின்னர்த் தமக்கே ஒரு மகன் பிறக்க, 1882-இல் அவரைக் கைவிட்டார். இங்ஙனம் பத்தாண்டு நிரம்பு முன்னரே அரியணையை நம்பி இழந்த சிறுவர், இராஜகோட்டை இராஜகுமார் கலாசாலையில் கல்வி பயின்றார். அதன் தலைவராகிய மெக்நாட்டன் என்னும் ஆங்கிலப் பெரியார் அவருக்குப் பாடத்தோடு பந்தாட்டத்தையும் புகட்டி, 1888-இல் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆண்டுக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் திரித்துவக் கலாசாலையில் இரஞ்சித்சிங்ஜி சேர்ந்தார்.

அக்காலத்து ஆங்கிலேயர் ஆட்டத்திற்கு ஓர் இலக்கணம் வகுத்திருந்தனர். இடக்காலை முன்வைத்து, மட்டையை நேராகப் பிடித்து, பந்தை முன்புறமாகச் செலுத்துவதே செவ்விய ஆட்டம் எனப்பட்டது. நம் இளைஞருக்கோ ஒரு குறை இருந்தது. விரைந்து வரும் பந்தைக் கண்டதும் அவர் வலக்கால் தானே பின்னோக்கி விலகும். பயிற்சியளித்த டான் ஹேவர்ட் அக்காலைக் கயிற்றால் நிலத்தோடு பிணித்தார் என்பர். விலக வழியின்றி நின்றவர், உடலை நோக்கி வந்த பந்தை இறுதிக் கணம்வரை கண்ணால் தொடர்ந்து, மணிக்கட்டைச் சற்றே திருப்ப, அது வந்த வேகத்தோடே இடப்புறமாகப் பின்சென்று எல்லையைக் கடந்தது. அடித்தவர் வலிமை அதில் இல்லை. எறிந்தவர் வலிமையே ஓட்டமாயிற்று. இவ்வடி முன்னர் அறவே இல்லாததன்று. ஆயினும் அதனை ஆட்டத்தின் நிலைத்த உறுப்பாக்கியவர் இவரே.

கண்டோர் இதனைக் கீழ்நாட்டு மாயவித்தை என வியந்தனர். மாயம் யாதுமில்லை. சிறந்த பந்தெறியும் வீரரைத் தம் பொருள் கொடுத்து வரவழைத்து, வலைக்குள் நாள்தோறும் பல நாழிகை ஆடிப் பழகியதன் பயனே அது. அத்துணை உழைத்தும் 1892-இல் சர்வகலாசாலைக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்திலது. அவ்வாண்டின் இறுதியில் குழுத் தலைவர் ஜாக்சன் ஹாக் பிரபுவின் குழுவோடு இந்தியா போந்து, இந்தியர் ஆட்டத்தை நேரிற் கண்டார். 1893-இல் இடம் தந்தார்.

பின்னர்ச் சசெக்ஸ் மாகாணத்திற்கு ஆடத் தொடங்கிய 1895-இல், முதல் ஆட்டத்திலேயே 77-உம் 150-உம் எடுத்தார். மறு ஆண்டு ஆஸ்திரேலியர் வந்தபோது, இலண்டன் இலார்ட்ஸ் திடலில் ஆடிய இங்கிலாந்துக் குழுவில் அவர் சேர்க்கப்பட்டிலர். இந்தியர் ஒருவர் இங்கிலாந்துக்கு ஆடலாமோ என்னும் தடை எழுந்தது. மாஞ்செஸ்டர் நகரத்தாரோ அவரை அழைத்தனர். ஆஸ்திரேலியர்க்கு மறுப்பின்றேல் ஆடுவதாக அவர் விடுத்த செய்திக்கு, எதிர்க்குழுத் தலைவர் டிராட் மகிழ்ந்து இசைந்தார். முதல் முறை 62; இரண்டாம் முறை, துணைநின்றோர் ஒருவர்பின் ஒருவராய் வீழவும், தாம் வீழாது 154. இங்கிலாந்து தோற்றது, அவரை விலக்க எழுந்த வாதமும் தோற்றது. அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாள் யார்க்ஷயர்க் குழுவுக்கெதிராக ஒரே நாளில் இரு சதங்கள் கண்டார். 15 டெஸ்ட் ஆட்டங்களில் 989 ஓட்டங்களும், முதல்தர ஆட்டங்கள் அனைத்திலும் 72 சதங்களோடு 24,692 ஓட்டங்களும் அவர் ஈட்டியவை.

கைவிட்டுப் போன அரியணை 1907-இல் அவரை வந்தடைந்தது. 1915-இல் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் வலக்கண்ணை இழந்தார். பந்தை இறுதிவரை தொடர்ந்த கண்களில் ஒன்று அவிந்த பின்னரும், 1920-இல், தம் நாற்பத்தேழாம் வயதில், சசெக்ஸுக்காக மீண்டும் மட்டை ஏந்தினார். பழைய திறன் வாய்க்கவில்லை. அவரிடத்துக் குறைகளும் இருந்தன. இளமையில் வரவுக்கு மிஞ்சிச் செலவிட்டுக் கடனால் அல்லற்பட்டார். 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் ஜாம்நகரில் உயிர் நீத்தார். அவர் பெயரால் அமைந்த இரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் நம் சென்னைச் சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடைபெற்று, ஒரே நாளில் முடிந்தது. வென்றது சென்னை.

இனி எம் வினாவிற்கு வருவாம். நம் இலக்கண ஆசிரியர் விதிகளைக் கூறி, அவற்றுள் அடங்காதவற்றையும் தழுவிக்கொள்ளப் புறனடை என ஒன்று வைப்பர். சான்றோர் வழங்கிய புதுமையே அதனுள் இடம் பெறும்; விதி அறியாதான் செய்வது புறனடை ஆகாது, வழுவே ஆகும். இரஞ்சித்சிங்ஜியின் அடி ஆட்டத்தின் புறனடை ஆயிற்று. கால் கட்டுண்டு நிற்கும் பொறுமை அவரிடத்து இருந்தமையே அதற்குக் காரணம். திண்டிவனத்து வயலில் யாம் ஆடியதோ வழு.

வரும் கோடையிலும் விழுப்புரத்தார் எம்மைச் சேர்த்துக்கொள்வரோ, அறியோம். சேர்ப்பினும் சேர்க்காவிடினும், கலாசாலைத் திடலில் இவ்வாண்டு முழுதும் நேர்மட்டையே பிடிப்பது என்று உறுதி பூண்டுள்ளோம். காலைப் பிணிக்கக் கயிறு மட்டும் வேண்டும். அதனைப் பிடிக்கத் தோழர் பலர் ஆர்வத்தோடு முன்வந்துள்ளனர்.