கோருமகிசானி மலையும் ஒரு கடிதமும்

ஜாம்ஷெட்பூர்னா டாட்டான்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஆலை ஏன் சரியா அந்த இடத்துல வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? அதுக்குப் பின்னால ஒரு வேலை ராஜினாமா இருக்கு.

பிரமத நாத் போஸ் 1855-ல் வங்காளத்துல பிறந்தவர். ஸ்காலர்ஷிப் வாங்கி 1874-ல் லண்டன் போனார். பட்டம் முடிச்சு, ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸிலும் படிச்சுட்டு, 1880-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் அதிகாரியா சேர்ந்தார். காடு, மலைன்னு சுத்துற வேலை. தல்லி-ராஜ்ஹரா மலையில் இரும்புத் தாது இருக்குன்னு அப்பவே எழுதி வைத்தார். இன்னைக்கு பிலாய் ஆலைக்குத் தாது கொடுக்கிறது அந்த மலைதான்!

இருபது வருஷத்துக்கு மேல உழைச்சவருக்குத் தலைமைப் பதவி வரும்னு நினைப்போம் இல்லையா? 1903-ல் அது தாமஸ் ஹாலண்டுக்குப் போனது. ஹாலண்ட் பெரிய விஞ்ஞானிதான், மறுக்கல. ஆனா போஸைவிடப் பத்து வருஷம் ஜூனியர். போஸ் வேலையை விட்டார்.

மயூர்பஞ்ச் சமஸ்தானம் அவரைக் கூப்பிட்டது. இப்போ ஒடிசாவில் இருக்கிற பகுதி அது. அங்கே கோருமகிசானி மலையில் நல்ல தரமான ஹெமடைட் தாது கிடைத்தது. 1904 பிப்ரவரி 24 அன்று ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாதுவும் இருக்கு, ஜரியா நிலக்கரியும் எட்டுற தூரத்துலதான்னு விஷயத்தைச் சொன்னார். அதே மே மாதம் ஜாம்ஷெட்ஜி இறந்துட்டார். மகன் தோராப்ஜி விடலை. நிபுணர்கள் வந்து மலையைப் பார்த்தாங்க. 1907-ல் கம்பெனி பதிவானது.

தாதுவுக்கும் நிலக்கரிக்கும் நடுவுல, ஆத்துத் தண்ணியும் ரயிலும் இருக்கிற இடம் வேணும். சாக்சி கிராமம் கிடைத்தது. பக்கத்து ஸ்டேஷன் காளிமாட்டி. அங்கிருந்து கோருமகிசானிக்குப் புதுசா ரயில் பாதை போட்டாங்க. சந்தால் போன்ற பழங்குடி மக்கள் வாழ்ந்த அந்தக் காட்டுக்கு ரயில் வந்தது தாதுவை எடுத்துட்டுப் போகத்தான். மலையை வெட்டி, உடைத்து, கூடையில் சுமந்து வேகனில் கொட்டின வேலையில் பெரும்பங்கு அவங்களோடது. டாட்டா வரலாறுகளில் போஸுக்காவது ஒரு பத்தி கிடைக்குது. இவங்க பேர் எங்கேயும் வராது.

1912 பிப்ரவரியில் ஆலையில் முதல் ஸ்டீல் வார்த்தாங்க. 1919-ல் சாக்சி ஜாம்ஷெட்பூர் ஆச்சு, காளிமாட்டி டாட்டாநகர் ஆச்சு. 1925-ல் நோவாமுண்டி சுரங்கமும் வந்தது.

போஸ் இதுக்கு நடுவுல 1906-ல் தொடங்கின பெங்கால் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்டின் முதல் முதல்வர் ஆனார். அதுதான் வளர்ந்து ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆனது, நம்மள்ல சிலபேர் கேட் எழுதி சேர ஆசைப்படுற இடம். கடைசிக் காலத்தை ராஞ்சியில் கழித்து, 1934-ல் இறந்தார்.

அந்த ரயில் பாதை இன்னும் இருக்கு. டாட்டாநகரிலிருந்து பாதாம்பஹார் போற வழியில் அவுன்லாஜோரி ஜங்ஷன் வரும். கோருமகிசானிக்குப் போற தண்டவாளம் அங்கதான் பிரியுது.