ஜெயிலில் இருந்த சேர்மன்

நெய்வேலி நகரியத்தில் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வார்கள்?

மற்ற ஊர்களில் வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நெய்வேலி நகரியத்தில் அப்படித் தட்டுவதற்கு ஒரு கதவு கிடையாது. ரோடு, குடிதண்ணீர், விளக்கு, சாக்கடை எல்லாமே பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நகர நிர்வாகத்தைச் சேர்ந்தவை. புகார் கொடுத்தால் ஆள் வந்து பார்ப்பார். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் என்று யாரும் இல்லை.

சட்டசபைக்கு ஓட்டு உண்டு. பார்லிமெண்டுக்கும் ஓட்டு உண்டு. சொந்தத் தெருவுக்கு மட்டும் ஓட்டு இல்லை!

இந்த ஊர் எழும்பிய காலத்தில் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரியாக இருந்தவர் காமராஜர். அவர் பெயரை நெய்வேலியில் சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனால் அவரே ஒரு சிறிய ஊரின் நகரசபைத் தலைவராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பதவியை அவர் உதறிவிட்டார். பின்னால், ஆயிரக்கணக்கான கிராமங்களுக்கு அவருடைய சர்க்கார் பஞ்சாயத்துகளை உண்டாக்கிக் கொடுத்தது. இரண்டும் ஒரே மனிதர் செய்த காரியங்கள்தான்.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

1903-ம் ஆண்டு ஜூலை மாதம் 15-ந் தேதி காமராஜர் பிறந்தார். ஊர் விருதுபட்டி. அதுதான் பிறகு விருதுநகர் ஆயிற்று. தகப்பனார் குமாரசாமி நாடார். தாயார் சிவகாமி அம்மாள்.

விருதுபட்டி வியாபாரிகளின் ஊர். பருத்தி, மிளகாய் என்று மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்து இறங்கும். விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை வியாபாரிகள் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். அதற்கு மகமை என்று பெயர். அது சர்க்கார் போட்ட வரி அல்ல. அவர்களே தங்கள் மீது போட்டுக்கொண்ட வரி!

வீட்டுப் பெண்களுக்கும் அதில் பங்கு இருந்தது. சோறு ஆக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாகப் போட்டு வைப்பார்கள். அந்த அரிசியைச் சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். மகமைப் பணத்தையும் பிடி அரிசியையும் கொண்டு நடந்த அந்தப் பள்ளிக்கூடம்தான் க்ஷத்திரிய வித்தியாசாலை. காமராஜர் படித்தது அங்கேதான்.

இது ஒரு சமூகத்தார் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஊரில் உள்ள எல்லோருக்கும் அதில் குரல் இருந்தது என்று சொல்ல முடியாது. என்றாலும், ஊர்க் காரியத்தை ஊராரே பணம் போட்டு நடத்தலாம் என்பதை அந்தப் பையன் புத்தகத்தில் படிக்கவில்லை. கண்ணால் பார்த்து வளர்ந்தான்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பையன்கள் எல்லோரிடமும் காசு வசூல் செய்தார்கள். பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்தபோது முண்டியடித்தவர்களுக்கு நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற காமராஜுக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது. வீட்டில் கேட்டார்கள். எல்லோரும் ஒரே அளவு காசு கொடுத்திருக்கும்போது, எல்லோருக்கும் ஒரே அளவு கொடுக்க வேண்டியது கொடுப்பவர் வேலைதானே, நான் ஏன் இடித்துக்கொண்டு போக வேண்டும் என்று திருப்பிக் கேட்டானாம்.

ஆறு வயதில் தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் கஷ்டப்பட்டுக் குடும்பத்தை நடத்தினார். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடையில் துணி கிழித்தாரோ இல்லையோ, கூட்டம் நடக்கிற இடத்துக்கெல்லாம் ஓடினார். காங்கிரஸ் தொண்டர் ஆனார். 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். கல்கத்தாவை அடுத்த அலிப்பூர் ஜெயிலில் அடைக்கப்பட்டார். 1937-ல் சாத்தூர் தொகுதியில் போட்டியின்றி சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனார்.

வேலூர் ஜெயிலுக்கு வந்த பதவி

1940-ம் ஆண்டு டிசம்பர் மாதம். தனிநபர் சத்தியாக்கிரகத்துக்குத் தொண்டர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, காந்தியடிகளின் சம்மதம் பெற வார்தாவுக்கு ரெயிலில் புறப்பட்டார். வழியில் குண்டூரில் போலீசார் பிடித்தார்கள். வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகரசபைக்குத் தேர்தல் நடந்தது. இப்போது போல 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் அன்று ஓட்டு இல்லை. வரி கட்டுவது போன்ற தகுதி உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. அப்படியிருந்தும் ஊரார் அவரை விடவில்லை. 1941-ம் ஆண்டு மே மாதம் காமராஜர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சேர்மன் ஜெயிலில்! ஊர் வெளியில்!

அதே ஆண்டு நவம்பரில் விடுதலையானார். ஊருக்கு வந்தார். மேளதாளத்தோடு நாற்காலியில் உட்கார வைக்க ஊர் தயாராக இருந்தது. அவரோ ராஜினாமா செய்துவிட்டார்.

ஏன்? பதவி சிறியது என்றா? இல்லை. முழுக் கவனம் செலுத்த முடியாத பதவியை ஒருவன் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

சேர்மன் வேலை என்றால் என்ன? காலையில் குழாயில் தண்ணீர் வந்ததா, குப்பை வண்டி போயிற்றா, வீட்டு வரி கூடுதல் என்று மனுக் கொடுத்தவருக்குப் பதில் போயிற்றா என்று தினமும் பார்க்கிற வேலை. ஊரில் இருக்க வேண்டும். காமராஜரோ மாகாணம் முழுவதும் சுற்ற வேண்டியவர். எந்த நிமிஷமும் மறுபடி ஜெயிலுக்குப் போக வேண்டியவர்.

அவர் கணக்குத் தப்பவில்லை. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் மறுபடி உள்ளே போனார். வெளியே வந்தது 1945-ல். பதவியைப் பிடித்துக்கொண்டிருந்தால், அத்தனை காலமும் விருதுநகருக்கு ஏட்டளவில்தான் ஒரு சேர்மன் இருந்திருப்பார். இன்று பெயருக்குப் பதவியில் இருந்துகொண்டு கூட்டத்துக்கே வராதவர்களைப் பார்க்கிறோம். காமராஜர் செய்ததன் அருமை அப்போதுதான் புரிகிறது.

வீட்டு வரி ஒரு ரூபாய்

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதல்-மந்திரி ஆனார். மந்திரிசபையில் மொத்தம் 8 பேர்தான்.

பள்ளிக்கூடங்கள் திறந்ததும், பகல் உணவு போட்டதும் எல்லோரும் அறிந்த கதை. அதில் அதிகம் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. 1956-ல் தொடங்கிய பகல் உணவு முதலில் ஊரார் கொடுத்த அரிசியிலும் காசிலும் நடந்தது. சர்க்கார் பணம் பிறகு வந்தது. அப்போதும் செலவில் ஒரு பங்கு ஊரார் தலையில்தான். கல்வி இயக்குனர் நெ.து.சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அப்படியே. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டிடம் என்று பள்ளிக்கு வேண்டியதையெல்லாம் கிராமத்தார் கொண்டுவந்து கொடுத்தார்கள். விருதுபட்டியின் பிடி அரிசிப் பானை சென்னைக் கோட்டை வரை வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் அரிசி கொடுப்பவனுக்கு அதிகாரமும் வேண்டாமா?

அதுவரை ஜில்லா போர்டு என்று ஒன்று இருந்தது. அது ஜில்லாத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும். மூலையில் இருக்கிற கிராமத்தான் ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அங்கே போய் நிற்க வேண்டும். 1958-ம் ஆண்டு காமராஜர் மந்திரிசபை சட்டம் கொண்டுவந்து ஜில்லா போர்டுகளை எடுத்துவிட்டது. அதே ஆண்டு பஞ்சாயத்துச் சட்டமும் வந்தது. கிராமத்துக்குக் கிராமம் பஞ்சாயத்து. பல பஞ்சாயத்துகள் சேர்ந்து ஒரு பஞ்சாயத்து யூனியன். கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்கள்தான் யூனியனின் அங்கத்தினர்கள். 1960-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜெயந்தியன்று யூனியன்கள் வேலை தொடங்கின. கொஞ்சம் கொஞ்சமாக ராஜ்யம் முழுவதும் பரவி, 370-க்கு மேற்பட்ட யூனியன்கள் ஏற்பட்டன. ஆரம்பப் பள்ளிகள், பகல் உணவு, கிராம ரோடுகள், குடிநீர்க் கிணறுகள் எல்லாம் அவற்றின் கைக்கு வந்தன.

இதில் ஒரு நல்ல தந்திரமும் இருந்தது. கிராமத்தார் வீட்டு வரியாக ஒரு ரூபாய் கட்டினால், சர்க்கார் தன் பங்காக இன்னொரு ரூபாய் போடும். வரி கட்டினால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவனுக்கு அந்த இரண்டாவது ரூபாய்தான் பதில்.

எல்லாம் சரியாக இருந்ததா என்றால், இல்லை. ஜில்லா அளவில் வைத்த அபிவிருத்தி மன்றத்துக்குக் கலெக்டரே தலைவர். அது யோசனை சொல்லும் சபையாகவே நின்றுவிட்டது. கிராமத்துக்குக் கொடுத்த நம்பிக்கையை ஜில்லாவுக்குக் கொடுக்கச் சர்க்கார் தயங்கியது.

விருதுநகர் நகரசபையைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. முதல்-மந்திரியின் தாயார் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதா என்று, சிவகாமி அம்மாளின் வீட்டுக்குத் தனிக் குழாய் போட்டுக் கொடுத்தார்களாம். காமராஜருக்குத் தெரிந்தது. உடனே எடுக்கச் சொல்லிவிட்டாராம். சேர்மன் பதவியை வைத்துக்கொள்ளாதவர், சேர்மன் கொடுத்த குழாயை மட்டும் வைத்துக்கொள்வாரா!

செம்மண்ணில் ஒரு புது ஊர்

கிராமங்களுக்குப் பஞ்சாயத்து வந்த அதே ஆண்டுகளில்தான் நெய்வேலியும் வளர்ந்தது.

1935-ல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது அப்படித்தான் தெரிந்தது. 1956 நவம்பர் 14-ந் தேதி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. சுரங்கத்துக்காகப் பல கிராமங்கள் இடம் பெயர்ந்தன. அந்தச் செம்மண்ணில் நேர்கோடு போட்டது போல ரோடுகளும், வட்டம் வட்டமாகக் குடியிருப்புகளும், வரிசையாக மரங்களும் வந்தன.

வீடு நிறுவனத்துடையது. வீட்டு வரி என்ற பேச்சே குடியிருப்பவருக்கு இல்லை. ஆகவே நகரசபையும் இல்லை. எங்கெங்கோ இருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு முதலில் வீடும் விளக்கும்தானே முக்கியம்? தொடக்கத்தில் அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் 30 ஆண்டுகள், 35 ஆண்டுகள் ஒருவர் அங்கே வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, சங்கக் கூட்டத்தில் கணீரென்று பேசவும் கற்றுக்கொள்கிறார். தன் தெருவைப் பற்றிப் பேச மட்டும் அவருக்கு ஒரு சபை கிடைப்பதில்லை.

கடைசி நாட்கள்

காமராஜர் 1963 அக்டோபர் 2-ந் தேதி முதல்-மந்திரி பதவியை விட்டார். கட்சி வேலைதான் இனி முக்கியம் என்று முடிவு செய்து, தானே முன்வந்து விலகினார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். 1967 தேர்தலில், எந்த ஊர் அவரை ஜெயிலில் இருக்கும்போதே சேர்மன் ஆக்கியதோ, அந்த விருதுநகரே அவரைத் தோற்கடித்தது. 1969-ல் நாகர்கோவில் தொகுதி அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சென்னையில் வாடகை வீட்டில் காலமானார்.

அவர் காலத்தில் தொடங்கிய பஞ்சாயத்துகளும் நோய்ப்பட்டன. 1970-ல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1986-ல்தான்! அரசியல் சட்டத்தைத் திருத்தி, 5 ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் என்று ஆக்கிய பிறகு 1996-ல் மறுபடி நடந்தது. கடலூர் மாவட்டக் கிராமங்களில் 2019 டிசம்பரில் ஓட்டுப் பதிவு நடந்தது. 2025 ஜனவரியில் அவர்கள் பதவிக்காலம் முடிந்து, பஞ்சாயத்துகள் தனி அதிகாரிகள் கைக்குப் போயின. சட்டம் இருந்தாலும் ஊரார் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நெய்வேலித் தொழிலாளி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலர் பக்கத்திலேயே இந்திரா நகர், வடக்குத்து என்று மனை வாங்கி வீடு கட்டிக்கொள்கிறார்கள். சிலர் மந்தாரக்குப்பம் போகிறார்கள். அங்கே பேரூராட்சி. அறுபது வயதில், வாழ்நாளில் முதல் தடவையாக, அவர்கள் பெயரில் வீட்டு வரி ரசீது வருகிறது. ஊராட்சியில் ஓட்டும் வருகிறது.

கிராம ஊராட்சி என்றால் கிராமசபை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆணும் பெண்ணும் போய் உட்காரலாம். வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். எந்தத் தெருவுக்கு விளக்கு வேண்டும், எங்கே தண்ணீர் வரவில்லை என்று எழுந்து சொல்லலாம். தீர்மானம் எழுதச் சொல்லலாம். எழுதிய தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடலாம்.