சூளையின் சூட்டை அளந்த குயவர்

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் உள்ள பர்ஸ்லெம், பானை வனைவதற்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாக மண் பிசைந்து வந்த ஒரு குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாக 1730ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். அத்துடன் பள்ளிப் படிப்பும் நின்றது. அண்ணனின் பட்டறையில் தொழில் கற்றார்.

சிறுவயதிலேயே அவரைப் பெரியம்மை தாக்கியது. உயிர் பிழைத்தாலும் வலது முழங்கால் வலுவிழந்தது. காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரத்தில் அவரால் நெடுநேரம் அமர முடியவில்லை. அதனால் களிமண் கலவைகளையும் பாண்டங்களுக்குப் பளபளப்பூட்டும் மேற்பூச்சுகளையும் ஆராய்வதில் அவர் கவனம் திரும்பியது. மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், 1768இல் அந்தக் கால் வெட்டி அகற்றப்பட்டது. அப்போதும் அவர் தொழிலை விடவில்லை.

அன்றைய குயவர்களுக்குக் கையும் கண்ணுமே அளவுகோல். வெட்ஜ்வுட் அந்த அனுபவ அறிவை மதித்தார். அதே சமயம் அதை எழுத்தில் கொண்டுவந்தார். ஒவ்வொரு சோதனைக்கும் எண் கொடுத்து நோட்டில் குறித்தார். தோல்வியடைந்த சோதனைகளையும் விடாமல் எழுதினார். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த வெளிர் மஞ்சள் பாண்டத்தை இவ்வாறு படிப்படியாக மேம்படுத்தினார். 1765இல் அரசி சார்லட் அவரிடம் தேநீர்ப் பாத்திரங்கள் செய்யச் சொன்னார். பிறகு அந்தப் பாண்டம் அரசியின் பெயராலேயே விற்பனைக்கு வந்தது. ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்காக 952 உருப்படிகள் கொண்ட விருந்துத் தொகுதியையும் அவர் 1774இல் செய்து முடித்தார்.

1769இல் எட்ரூரியா என்ற பெயரில் புதிய தொழிற்சாலையைத் திறந்தார். வனைபவர், கைப்பிடி ஒட்டுபவர், வண்ணம் தீட்டுபவர் என வேலைகள் பிரிக்கப்பட்டன. தரமும் உற்பத்தியும் உயர்ந்தன. ஆனால், இதற்கு ஒரு விலையும் இருந்தது. பல வேலைகளையும் தெரிந்து வைத்திருந்த கைவினைஞர் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவராக மாறினார். தம் நேரத்துக்குத் தாமே முதலாளியாக இருந்தவர் தொழிற்சாலை மணி ஒலிக்கு ஓட வேண்டியதாயிற்று. வெட்ஜ்வுட்டின் வெற்றியைப் பேசும்போது இந்த இழப்பையும் மறக்கக்கூடாது.

சூளையின் சூடு எல்லாக் குயவர்களுக்கும் தலைவலி. சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பல நாள் உழைப்பு வீணாகிவிடும். சுடும்போது களிமண் சுருங்கும் என்பது குயவர்கள் அறிந்த உண்மைதான். அதையே அவர் கருவியாக்கினார். சிறு களிமண் துண்டுகளைச் சூளையில் வைத்து, அவை எவ்வளவு சுருங்கின என்பதைக் கொண்டு வெப்பத்தைக் கணித்தார். பள்ளியை ஒன்பது வயதில் விட்ட அவரை, இந்தக் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து 1783இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கியது. அவருடைய அளவுகள் துல்லியமற்றவை எனப் பின்னாளில் தெரிய வந்தாலும், சூளையை அளந்து பார்க்கும் வழக்கம் நிலைத்தது.

அவர் பழமையை ஒதுக்கியவர் அல்லர். பண்டைய ரோமானியரின் போர்ட்லேண்ட் கண்ணாடி ஜாடியைத் தம் மண்ணில் அப்படியே உருவாக்க நான்கு ஆண்டுகள் போல் போராடி வென்றார். ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின் அவர் கண்டறிந்த ஜாஸ்பர் என்ற புதிய பாண்ட வகையே அதற்குக் கைகொடுத்தது. அடிமை வாணிபத்தை எதிர்க்கும் பதக்கங்களையும் 1787இல் அதே ஜாஸ்பரில் செய்து வழங்கினார்.

1795இல் வெட்ஜ்வுட் மறைந்தார். இன்று கைத்தொழிலில் புதுமை செய்ய விரும்பும் இளையோர் அவரிடம் கற்க வேண்டிய முதல் பாடம் எளிமையானது: மூத்தவர்களின் கைப்பக்குவத்தைக் கவனியுங்கள், அளந்து பாருங்கள், எழுதி வையுங்கள். அந்தக் கைகளுக்கு உரியவர்கள் புதுமையால் எதை இழக்கிறார்கள் என்பதையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள்.